வெராக்ரூஸுக்கு ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்

கடலில் குளிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு மெக்சிகோ போகிறவர்கள் வெராக்ரூஸ் பக்கம் வர வேண்டாம். நீலத் தண்ணீரும் வெள்ளை மணலும் கான்குன் இருக்கும் கரீபியன் கரையில் கிடைக்கும். வெராக்ரூஸின் கடல் மெக்சிகோ வளைகுடா. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவதால் தண்ணீர் கலங்கலான பச்சை. மணல் சாம்பலும் பழுப்பும் கலந்தது. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்தைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயமாகத் தோன்றலாம். சில ஆண்டுகள் அங்கே குடியிருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பார்க்க வேண்டியவை எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் தெரியும்.

எனக்கு வேலை துறைமுகத்தில். மெக்சிகோவில் தயாராகும் கார்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் முக்கிய வாசல் வெராக்ரூஸ் துறைமுகம். புவேப்லாவில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் ஆலை போன்றவற்றிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வரும் வண்டிகளுக்கான ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்ப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. வீடு பக்கத்து ஊரான போகா தெல் ரியோவில். இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். எல்லை எங்கே என்று அங்கேயே பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. வேலை மாற்றலாகியும் சுற்றுலாவாகவும் அந்தப் பக்கம் போகிற நண்பர்கள் கேட்கும்போது நான் சொல்பவைதான் இங்கே இருக்கின்றன.

முதலில் மாநிலத்தின் அமைப்பு. வெராக்ரூஸ் என்பது நகரத்தின் பெயரும்தான், மாநிலத்தின் பெயரும்தான். ஆனால் தலைநகரம் அதுவல்ல. மலைமேல் இருக்கும் ஹலாபா. மாநிலத்தின் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று அதிகம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 80 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 212 நகராட்சிப் பிரிவுகள். வளைகுடாவை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. வரைபடத்தில் அதன் நீளம்தான் கண்ணில் படும்; உயரம் தெரியாது. கடல் மட்டத்தில் தொடங்கும் மாநிலம் மேற்கு எல்லையில் 5,636 மீட்டர் உயர ஒரிசாபா சிகரத்தில் முடிகிறது. மெக்சிகோவின் மிக உயர்ந்த சிகரம் அதுதான். வட அமெரிக்காவில் மூன்றாவது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நூறு, நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. வானம் தெளிந்த குளிர்கால விடியலில் துறைமுகத்திலிருந்து பார்த்தால் மேற்கே பனி மூடிய அந்த முக்கோணம் தெரியும். ஆறு மணிக்கே வேலைக்கு வரும் கிரேன் ஓட்டுநர்களுக்கு அது தினசரிக் காட்சி. ஒன்பது மணிக்கு வரும் அலுவலகக்காரர்களுக்கு மேகம்தான் மிச்சம்.

அதனால் வெராக்ரூஸில் ஓர் ஊரைப் பற்றி விசாரிக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட எவ்வளவு உயரம் என்று கேட்பது உபயோகமானது. என்ன விளையும், என்ன சமைப்பார்கள், என்ன உடுத்த வேண்டும், கொசு கடிக்குமா, மழை தூறலா கொட்டலா என எல்லாவற்றையும் உயரம் சொல்லிவிடும்.

துறைமுகத்திலிருந்து மலைமேல் இருக்கும் பெரோதே ஊர் வரை ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்தால் புரியும். மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். ஊரை விட்டு வெளியே வந்ததும் கரும்பு. மெக்சிகோவில் அதிகமாகக் கரும்பு விளைவது இந்த மாநிலத்தில்தான். கார்தெல் ஊரைத் தாண்டினால் மாந்தோப்புகள். ஆக்தோபான் பக்கத்து மாம்பழத்துக்கு மணிலா என்று பெயர். நார் குறைந்த, நீண்டு மெலிந்த, மஞ்சள் தோல் பழம். மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல் வழியின் மிச்சம் அந்தப் பெயரில் இருக்கிறது. ஆசியாவின் பழம் பசிபிக்கைத் தாண்டி வந்து அட்லாண்டிக் பக்கச் சரிவில் வேர் பிடித்துவிட்டது. இன்னும் மேலே ஏற ஏறச் சாலையோரத்தில் சிவப்பு மண், நிழல் மரங்கள், அவற்றுக்குக் கீழே காப்பிச் செடி. 1,200 மீட்டரில் கோவாதெபெக். 1,400 மீட்டரில் ஹலாபா. அங்கே வெயில் அடிக்கும் நாளிலும் குடை வேண்டும்; வளைகுடாவின் ஈரக்காற்று மலையில் முட்டி நின்று பொடித் தூறலாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். சிப்பிசிப்பி என்பார்கள் அந்தத் தூறலை. ஹலாபாவைத் தாண்டியதும் பைன் காடு, மூடுபனி. அதன்பின் சட்டென்று மழை நின்றுவிடும். மலை ஈரத்தையெல்லாம் இந்தப் பக்கமே பிழிந்துகொண்டுவிடுவதால் அந்தப் பக்கத்துப் பெரோதே சமவெளி வறண்ட நிலம். கற்றாழை, உருளைக்கிழங்கு, தூசி. உயரம் 2,400 மீட்டர். காலையில் 32 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர்கள் அங்கே போய் நடுங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தலைப்பில் ஸ்வெட்டர் வந்தது அதற்காகத்தான்.

இந்த உயரக் கணக்கு வரலாற்றையே திருப்பியிருக்கிறது. ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்தேஸ் 1519இல் இந்தக் கரையில் இறங்கி ஊரை நிறுவினார். ஊர் அப்புறம் இரண்டு முறை இடம் மாறி, இன்றைய இடத்துக்கு வந்து சேர 16ஆம் நூற்றாண்டின் முடிவாகிவிட்டது. இங்கே இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கரைக்கு எதிரே ஒரு பவளத்திட்டு இருந்தது. அதன் மறைவில்தான் கப்பல்கள் நின்றன. அந்தத் திட்டின்மேல் எழும்பியதுதான் சான் ஹுவான் தே உலூவா கோட்டை. அதன் சுவரும் பவளக்கல்தான். அருகே போய்ப் பார்த்தால் மூளை மடிப்புப்போல வரிவரியாக ஓடும் பவளத்தின் அடையாளங்கள் சுவரில் அப்படியே இருக்கின்றன. மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகும் ஸ்பானியர்கள் அந்தக் கோட்டையை விடாமல் 1825 நவம்பர் வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு 1838இல் பிரான்ஸ், 1847இலும் 1914இலும் அமெரிக்கா. யார் படையெடுத்தாலும் முதலில் குண்டு விழுவது இந்த ஊரில்தான்.

ஆனால் படைகளைவிட அதிகம் பேரைக் கொன்றது மஞ்சள் காய்ச்சல். துறைமுகத்தில் ஒரு மாதம் தங்கினால் உயிர் பிழைப்பது அதிர்ஷ்டம் என்ற நிலைமை. ஆகையால் ஸ்பெயினிலிருந்து வணிகக் கப்பல்கள் வந்ததும் சரக்கைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலைக்குப் போய்விடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹலாபாவில் நடந்த பெரிய வணிகச் சந்தைகளுக்கு அதுதான் காரணம். கொசு ஏறாத உயரத்தில் பணம் கைமாறியது. இன்றைக்கு மஞ்சள் காய்ச்சல் இல்லை, டெங்கு இருக்கிறது. மழைக்காலத்தில் கரையோரம் தங்குகிறவர்கள் கொசு மருந்து பூசாமல் மாலையில் வெளியே இறங்கக் கூடாது. வீடு வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து குளிர்காற்று அலை வளைகுடாவைக் கடந்து வந்து அறையும். நோர்த்தே என்பார்கள். அது வருவதற்கு முந்தின நாள் தெற்கிலிருந்து அனல் வீசும்; தலை வலிக்கும், தெரு நாய்கூட நிழலை விட்டு வராது. அப்படி ஒரு நாளில் என் வீட்டுக்காரம்மாள் மாடிப்படியில் நின்று, "மகனே, துணியை இன்றைக்கே எடுத்துவிடு. நாளைக்கு அது ஆல்வராதோவில் கிடைக்கும்" என்றார். ஆல்வராதோ தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மீன்பிடி ஊர். மறுநாள் பகலில் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கிவிட்டது. கடற்கரைச் சாலையில் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறந்தது. துறைமுக அதிகாரி கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்.

எங்கள் தொழிலில் இது பெரிய தலைவலி. கார் ஏற்றும் ரோ-ரோ கப்பல்களின் பக்கச்சுவர் பத்து மாடிக் கட்டடம் அளவுக்கு உயரமானது. காற்று மோதினால் கப்பலே பாய்மரமாகிவிடும். அதனால் மற்றக் கப்பல்களுக்கு முன்பே அவற்றை நிறுத்திவைப்பார்கள். ஆனால் மலைக்கு அப்பால் இருக்கும் ஆலைகளுக்குக் காற்று தெரியாது. வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், முற்றம் நிரம்பி வழியும். குளிர்காலத்தில் தேதி குறிப்பிட்டு வாக்குக் கொடுக்காமல், காற்று அனுமதித்தால் என்று ஒரு வரி சேர்த்துக் கடிதம் எழுதும் பழக்கத்தை எங்கள் மேலாளர் எல்லோருக்கும் ஏற்படுத்திவிட்டார். பயணிகளுக்கும் அது பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் பவளத்திட்டுகளுக்குப் படகில் போக முன்பணம் கட்டாதீர்கள். வெராக்ரூஸிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் தொடர் விமானத்துக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள்.

மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வட அமெரிக்காவிலிருந்து தெற்கே போகும் பருந்துகளும் கழுகுகளும் கடலுக்கு மேல் பறக்க விரும்பாமல், உயர்ந்த மலையையும் தாண்டாமல், நடுவில் இருக்கும் குறுகிய சமவெளி வழியாகப் போகின்றன. ஒரு பருவத்தில் நாற்பது லட்சத்துக்கும் மேல். கார்தெலில் ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில் பறவை ஆர்வலர்கள் உட்கார்ந்து ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். முதலில் வானம் வெறுமையாகத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் சூடான காற்று எழும்பியதும் ஆயிரக்கணக்கில் சுழன்று சுழன்று மேலேறி, உச்சியிலிருந்து வரிசையாகத் தெற்கே வழுக்கிப் போகும். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் போதும். டிக்கெட் இல்லாத இந்தக் காட்சிக்கு உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் போனதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

காப்பிக்கு வருவோம். துறைமுக நகரில் காப்பி குடிப்பது தனிச் சடங்கு. 1808 முதல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் லா பரோக்கியா என்ற காப்பிக் கடை இதற்குப் பேர்போனது. உயரமான கண்ணாடி டம்ளரில் கெட்டி டிகாக்ஷனை ஒரு விரற்கடை அளவு ஊற்றி வைத்துவிட்டுப் பணியாள் போய்விடுவார். நீங்கள் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டு வேறொருவர் கொதிக்கும் பால் நிறைந்த கெட்டிலோடு வருவார். டம்ளர் விளிம்பில் தொடங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் நுரை பொங்க ஊற்றுவார். கும்பகோணத்து ஆளுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை, ஆனால் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். காலை ஏழரைக்கு அந்தக் கூடத்தில் நூறு மேசைகளிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்கும்.

அந்தக் காப்பி வருவது கோவாதெபெக், ஹுவாதுஸ்கோ, கோர்தோபா மலைச்சரிவுகளிலிருந்து. மெக்சிகோவில் காப்பி விளைச்சலில் சியாபாஸுக்கு அடுத்த இடம் வெராக்ரூஸுக்கு. கோவாதெபெக் பக்கம் ஒரு தோட்டக்காரரோடு பழக்கம் ஏற்பட்டது. வாழை, மக்கடாமியா, ஆரஞ்சு எல்லாம் காப்பிச் செடிக்கு நடுவே வளர்த்திருந்தார். எதற்கு இவ்வளவு கலப்பு என்று கேட்டேன். "காப்பி விலையை நியூயார்க்கில் முடிவு செய்கிறார்கள். வாழைத்தார் விலையை இந்தத் தெருமுனையில் முடிவு செய்கிறோம்" என்றார். விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் 1989இல் சரிந்தபோது விலை பாதாளத்துக்குப் போனதும், அதையொட்டி அரசின் காப்பி நிறுவனம் மூடப்பட்டதும், 2012க்குப் பிறகு இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாக அழித்ததும் அவர் குடும்பம் பட்ட அனுபவம். பல வீடுகளில் இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அறுவடை நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் போனால் பழம் பறிப்பதும் காயவைப்பதும் நேரில் காணலாம். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை சேர்த்து வறுத்த தூள் சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். நிறம் கறுப்பாக இருக்கும், மணம் இருக்காது. வறுத்த தேதி எழுதிய கொட்டையைத் தோட்டக்காரர்களின் கடையிலேயே வாங்குவது நல்லது.

வனிலாவிலும் இதே எச்சரிக்கை, இன்னும் பலமாக. உலகத்துக்கு வனிலா தந்தது வடக்கு வெராக்ரூஸின் பாபந்த்லா வட்டாரம். தந்தவர்கள் அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான தொதோனாக் மக்கள். அந்த ஆர்க்கிட் கொடியை ஐரோப்பியர்கள் வேறு வெப்பநாடுகளுக்கு எடுத்துப் போனார்கள். கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் தேனீ இங்கேதான் இருந்தது. 1841இல் ரீயூனியன் தீவில் எத்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பைத் தூக்கி, விரலால் அழுத்தி மகரந்தத்தை ஒட்டவைக்கும் வழியைக் கண்டான். அதற்குப் பிறகு மடகாஸ்கர் முன்னுக்கு வந்துவிட்டது. இன்று பாபந்த்லாவிலும் கையால்தான் செய்கிறார்கள். பூ ஒரே ஒரு காலையில் மட்டும் விரிந்திருக்கும், நண்பகலுக்குள் வாடிவிடும். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். அப்புறம் வெயிலில் சூடாக்கி, கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வியர்க்கவிட்டு, மறுபடி வெயிலில் என்று பல வாரங்கள். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டிவிடும். இவ்வளவு பாடுபட்ட சரக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் மலிவு விலைக்குக் கிடைக்காது. சுற்றுலாக் கடைகளில் அப்படி அடுக்கியிருப்பது பெரும்பாலும் செயற்கை. சிலவற்றில் டோங்கா விதையில் இருக்கும் கூமரின் கலந்திருப்பதுண்டு, அது கல்லீரலுக்கு ஆகாது. காயாகவே வாங்குங்கள். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், எண்ணெய்ப் பசை ஒட்ட வேண்டும்.

பாபந்த்லா வரை போய்விட்டு எல் தஹீன் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. முன்னூற்று அறுபத்தைந்து மாடங்கள் கொண்டதாகச் சொல்லப்படும் பிரமிடு அங்கே இருக்கிறது. 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகியது. வாசலிலேயே பறக்கும் சடங்கு நடக்கும். ஐந்து பேர் உயரமான கம்பத்தில் ஏறுவார்கள். ஒருவர் உச்சியில் நின்று குழலும் சிறு முரசும் வாசிப்பார். நால்வர் இடுப்பில் கயிற்றோடு தலைகீழாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி இறங்குவார்கள். ஆளுக்குப் பதின்மூன்று சுற்று, மொத்தம் ஐம்பத்திரண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன் இருந்த நாட்காட்டியின் பெருஞ்சுழற்சி ஆண்டுகளும் அத்தனையே. உண்டியல் தட்டு வரும்போது நாணயமாகப் போடாதீர்கள், நோட்டாகப் போடுங்கள். துறைமுகத்திலிருந்து பாபந்த்லா பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

அதே வடக்கில்தான் எண்ணெயும் இருக்கிறது. செர்ரோ அசூலில் 1916இல் பீறிட்ட ஊற்றுக்கிணறு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1920களின் தொடக்கத்தில் உலகின் இரண்டாவது பெரிய எண்ணெய் உற்பத்தியாளராக மெக்சிகோ இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் சொத்துகளை அதிபர் லாசரோ கார்தெனாஸ் 1938 மார்ச் 18 அன்று நாட்டுடைமையாக்கினார். அந்த நாள் இன்றும் பெருமையோடு நினைக்கப்படுகிறது. போசா ரிகா, தெற்கே மினாதித்லான், கோவட்சாகோவால்கோஸ் ஆகியவை எண்ணெய் ஊர்கள். வேலைக்காகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். கோவட்சாகோவால்கோஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும். கோழியும் வேண்டாம் என்றால் ஹாம் வரும். கறுப்புப் பயறு எங்கும் கிடைக்கும், ஆனால் பன்றிக்கொழுப்பில் தாளித்திருப்பார்கள். எண்ணெயில் செய்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிகாதா என்று ஒன்று உண்டு: கெட்டியான சோள அடை, ஓரத்தைக் கிள்ளிக் கரை கட்டியிருப்பார்கள், மேலே மிளகாய்ச் சாந்து, வெங்காயம், உதிர்த்த பாலாடைக்கட்டி. அதிலும் கொழுப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது. ஒரிசாபா பக்கத்து மாச்சா என்ற சாந்தில் காய்ந்த மிளகாயையும் நிலக்கடலையையும் எண்ணெயில் வறுத்து அரைத்திருப்பார்கள். ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொண்டால் எந்தச் சோறும் இறங்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை; தக்காளி, ஆலிவ், கேப்பர் போட்ட வெராக்ரூஸ் பாணிச் சங்கரா மீனும், தளரத் தளர வேகவைத்த கடலுணவுச் சோறும் போகா தெல் ரியோவில் நிறையக் கிடைக்கும்.

கோஸ்கோமாதெபெக் சந்தையில் நம் சௌசௌ மலை மலையாகக் குவிந்திருக்கும். கொடைக்கானல் அடிவாரப் பந்தல்களில் பார்த்த அதே காய். அதன் பிறந்த ஊர் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். ஏற்றுமதியில் வெராக்ரூஸ் முன்னணி. முள் அடர்ந்த கரும்பச்சை வகை ஒன்றும் அங்கே உண்டு. வேகவைத்தால் உருளைக்கிழங்கு போல மாவாக இருக்கும். நாம் வீசிவிடும் வேர்க்கிழங்கையும் அவர்கள் சமைக்கிறார்கள். ஊரில் யாராவது பந்தல் போட்டிருந்தால் தோண்டிப் பாருங்கள்.

கரையோர மக்கள் சத்தமாகப் பேசுவார்கள், வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பார்கள், வசவும் சரளமாக வரும். ஹலாபாக்காரர்கள் அடக்கமானவர்கள்; பல்கலைக்கழக ஊர், 1929 முதல் சிம்ஃபனி இசைக்குழு வைத்திருக்கும் ஊர். அங்கே இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஓல்மெக் என்ற பழங்கால நாகரிகத்தின் பெரிய கல்தலைகள் ஏழு உள்ளன. மாநிலத்தில் ஒரே ஓர் அருங்காட்சியகம் பார்க்க நேரம் உண்டென்றால் அதைப் பாருங்கள். எங்கே போனாலும் ஒரு மரியாதை பொது. அறைக்குள் நுழைந்தால் இருப்பவர்கள் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போனால் ப்ரோவேச்சோ என்று வாழ்த்திவிட்டுப் போக வேண்டும். நேராகக் கணினி முன்னால் போய் உட்காருகிறவனைக் கர்வி என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேலை நிமித்தம் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மாலையில் நகர மையச் சதுக்கத்தில் தான்சோன் நடனம் நடக்கும். கியூபாவிலிருந்து வந்தது. எழுபது வயதுத் தம்பதிகள் வெள்ளை உடையில், விசிறியோடு ஆடுவார்கள். நடுவில் இசை ஒரு கட்டத்தில் திரும்பும்போது எல்லோரும் ஆடுவதை நிறுத்தி இசைக்குழுவைப் பார்த்து நிற்பார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துக் குறுக்கே நடக்காதீர்கள். தெற்கே பாபலோவாபான் ஆற்றங்கரையில் த்லாகோதால்பானில் ஆடுவது வேறு வகை: மரப்பலகை மேடைமேல் காலால் தாளம் போட்டு ஆடும் ஃபந்தாங்கோ. சிறு கிதார்கள் சுற்றி நின்று விடிய விடிய வாசிக்கும். பிப்ரவரி 2 திருவிழாவின்போது ஊரில் அறை கிடைக்காது, மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். இந்த இசையில் ஸ்பெயினும் ஆப்பிரிக்காவும் கலந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பங்கைப் புரிந்துகொள்ளக் கோர்தோபா அருகே யாங்கா என்ற ஊருக்குப் போகலாம். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகளுக்குத் தலைமை தாங்கி, ஸ்பானியப் படையோடு மோதி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்களுக்கென்று சுதந்திரமான ஊரையே வாங்கிக்கொண்ட தலைவரின் பெயர் அது.

இதற்கும் நமக்கும் நடைமுறையில் ஒரு சம்பந்தம் உண்டு. கருத்த தோலோடு வெராக்ரூஸில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கியூபாக்காரர் என்று நினைத்து வேகமான ஸ்பானியத்தில் பேசுவார்கள். ஆனால் மாநிலத்தின் தெற்குப் பகுதியில் ஓடும் பஸ்களில் குடியேற்றச் சோதனை நடக்கும்போது அதே தோல் நம்மைத் தனியாக இறக்கிவிடும். மத்திய அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்களின் பாதை இது. அகாயூகான் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னையும் ஒரு ஹொண்டுராஸ் இளைஞனையும் மட்டும் நிறுத்திவைத்தார்கள். என்னிடம் குடியிருப்பு அட்டை இருந்தது. கைப்பேசியில் இருக்கும் படம் போதும் என்று நினைக்காதீர்கள்; அசல் ஆவணம் சட்டைப் பையில் இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் போகும் பெட்டியில் வேண்டாம்.

அந்தப் பாதையில்தான் அமாத்லான் தே லோஸ் ரெயெஸ் அருகே லாஸ் பத்ரோனாஸ் என்ற பெண்கள் இருக்கிறார்கள். சரக்கு ரயிலின் கூரையில் போகும் குடியேறிகளுக்காக 1995 முதல் சோறும் பயறும் பையில் கட்டி, ஓடும் ரயிலை நோக்கி நீட்டுகிறார்கள். 2013இல் மெக்சிகோவின் தேசிய மனித உரிமை விருது கிடைத்தது. உதவி செய்ய நினைத்தால் அரிசி, பயறு, தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். காமிராவோடு மட்டும் போகாதீர்கள்.

பயணம் பற்றிச் சில வார்த்தைகள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவைப்படுவதில்லை; கிளம்பும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். மெக்சிகோ நகரின் தாபோ நிலையத்திலிருந்து ஆதோ நிறுவனத்தின் பஸ்ஸில் ஹலாபாவுக்கும் துறைமுகத்துக்கும் ஐந்து, ஆறு மணி நேரம். பகல் வண்டியையே எடுங்கள். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் சொந்த வண்டி ஓட்டாமல் இருப்பது உள்ளூர்க்காரர்களே கடைப்பிடிக்கும் வழக்கம். வழிப்பறி பயம் ஒன்று, புவேப்லாவிலிருந்து ஒரிசாபாவுக்கு இறங்கும் மால்த்ராதா மலைச்சாலையின் மூடுபனி இன்னொன்று. பாரம் ஏற்றிய லாரி முன்னால் போவதே தெரியாது. கதேமாகோ ஏரிக்குப் போனால் மாந்திரீகர்கள் சுற்றிக்கொள்வார்கள், மார்ச் முதல் வெள்ளிக்கிழமை அதற்கென்றே கூட்டம் சேரும். வேடிக்கைக்காகக் கழிப்பு எடுக்க உட்கார்ந்தால் கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். நடுவில் ஒரு பெரிய தோஷம் கண்டுபிடிக்கப்படும், அதற்குத் தனி விலை.

ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் ஹலாபாவும் கோவாதெபெக்கும், பிறகு துறைமுகம், கடைசியில் த்லாகோதால்பான். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், கரையில் புழுக்கம் தாங்காது. செப்டம்பரில் புயல் வரும். 2010இல் கார்ல் புயல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கரையேறியது, அந்த மாதமே த்லாகோதால்பான் வெள்ளத்தில் மூழ்கியது. எனக்குப் பிடித்தது நவம்பர் முதல் பாதி. இறந்தோர் திருநாளின் படையல்கள் வீட்டு வாசல்களில் இருக்கும், காப்பி அறுவடை தொடங்கியிருக்கும், நோர்த்தே அடித்தாலும் நடுவில் நல்ல வெயில் நாட்கள் கிடைக்கும்.